போர் புத்தக ரீடிங் சேலஞ்ச்: ஒரு வருஷம் உள்ள இருந்துட்டு வந்து எழுதுற ரிவ்யூ

ஆன் ஃபிராங்க் டைரிக்கு 5க்கு எத்தனை ஸ்டார் போடுவீங்க?

எனக்கு இந்தக் கேள்வி ஒரு நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு வந்துச்சு. புத்தகத்தை முடிச்சுட்டு சேலஞ்ச் ஷீட்டை ஓபன் பண்ணி, பேர், எழுதினவங்க, எத்தனை பக்கம், முடிச்ச தேதி எல்லாம் ஃபில் பண்ணியாச்சு, கடைசி கட்டம் ரேட்டிங். அதை காலியா விட்டுட்டு சப்மிட் அடிச்சா சிவப்பு எழுத்துல 'இந்தக் கட்டத்தை நிரப்பவும்'னு வருது. 13வது பிறந்தநாளுக்குக் கிடைச்ச நோட்டுல ஒரு பொண்ணு எழுத ஆரம்பிக்குறா, 1942 ஜூலைல நாஜிங்களுக்குப் பயந்து குடும்பத்தோட ஒளியப் போறா, ரெண்டு வருஷத்துக்கு மேல ஜன்னல் திரையைக்கூட விலக்க முடியாம உள்ளயே கிடக்குறா, 1944 ஆகஸ்ட் 1ஆம் தேதி ஒரு நீளமான பக்கம் எழுதுறா, மூணு நாள் கழிச்சு 4ஆம் தேதி எல்லாரையும் பிடிச்சுட்டுப் போயிடுறாங்க, அதுக்கப்புறம் எழுத்தே இல்ல. ஒளிஞ்சிருந்த எட்டுப் பேர்ல அவ அப்பா ஒருத்தர் மட்டும்தான் உயிரோட திரும்பி வந்தார். இதுக்கு நாலு போடுறதா அஞ்சு போடுறதா? மூணு போட்டா நான்லாம் மனுஷனா? பத்து நிமிஷம் அந்தக் கட்டத்தையே பார்த்துட்டு இருந்துட்டு அஞ்சு போட்டு லேப்டாப்பை மூடினேன். ஏதோ ஆர்டர் பண்ண சாமான் வந்து சேர்ந்ததுக்கு ரிவ்யூ போட்ட மாதிரி கூச்சமா இருந்துச்சு.

சரி, முதல்ல இது என்னன்னு சொல்லிடுறேன். ஆன்லைன்ல ஒரு வாசிப்புக் குழு நடத்துற ஒரு வருஷ சேலஞ்ச், போர் சம்பந்தப்பட்ட புத்தகம் மட்டும்தான் படிக்கணும். பேர் சொல்ல விரும்பல, கீழ நிறைய திட்டப் போறேன், நடத்துறவங்க எல்லாம் சொந்த நேரத்துல இழுத்துப் போட்டு செய்யுறவங்க, பாவம். மூணு லெவல் இருக்கு, வருஷத்துக்கு 4 புத்தகம், 8 புத்தகம், 15 புத்தகம். நாவல், நினைவுக் குறிப்பு, வரலாறு, எதுவா இருந்தாலும் ஓகே. கூடவே மூணு விதி: குறைஞ்சது ஒண்ணு பெண்கள் எழுதினதா இருக்கணும், ஒண்ணு தோத்த பக்கத்துல இருந்து எழுதினதா இருக்கணும், ஒரே போரைப் பத்தி ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகாத ரெண்டு புத்தகத்தை ஜோடியா படிக்கணும். மாசம் ஒரு குரூப் கால். அது போக ஒவ்வொருத்தருக்கும் ஒரு ஜோடி போட்டு விடுவாங்க, ரெண்டு பேரும் படிச்சதைப் பத்தி பேசிக்கணும்.

நான் ஏன் சேர்ந்தேன்னா, ஷெல்ஃப்ல பாதில மடிச்சு வெச்ச புத்தகமா நிறைஞ்சு கிடந்துச்சு, யாராவது தலைல தட்டினாதான் முடிப்பேன்னு எனக்கே தெரியும். போர் மேல தனி ஆர்வம்னு எல்லாம் இல்ல. சேரும்போது ஒரு ஜோஷ்ல 15 லெவலை டிக் பண்ணிட்டேன். அதுதான் நான் செஞ்ச முதல் தப்பு.

ரெண்டாவது தப்பு ஜனவரிக்கு டால்ஸ்டாயோட போரும் அமைதியும் எடுத்தது. பெரிய புத்தகத்தை முதல்லயே முடிச்சுட்டா மிச்சம் ஈஸின்னு ஒரு கணக்கு. 361 அத்தியாயம் சார். ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு வெச்சுக்கிட்டாலே வருஷம் முடிஞ்சிரும், அப்படிப் படிக்குறவங்க உலகம் பூரா இருக்காங்க, அதுதான் சரியான வேகம்னு இப்ப தோணுது. நான் ஒரு மாசத்துல முடிக்கணும்னு ஓடினேன், விருந்து சீனெல்லாம் தாவித் தாவிப் போனேன், யார் இளவரசி யார் கவுண்டஸ்னு குழம்பி நின்னேன். ஆனா பொரோடினோ வந்ததும் தானா நின்னுட்டேன். 1812ல நெப்போலியன் படை உள்ள வந்து மாஸ்கோவுக்குப் பக்கத்துல நடக்குற அந்தப் பெரிய சண்டைல, பியர்னு ஒரு கண்ணாடி போட்ட குண்டு மனுஷன், சிப்பாயே இல்ல, வெள்ளைத் தொப்பியும் பச்சைக் கோட்டும் போட்டுக்கிட்டு வேடிக்கை பார்க்க வர்றான். பீரங்கிக்காரங்க வேலை செய்யுற இடத்துல போய் எல்லாருக்கும் இடைஞ்சலா நிக்குறான். முதல்ல முறைக்குறாங்க, அப்புறம் சிரிக்குறாங்க, அப்புறம் அவனை தங்களோட ஆளாவே ஆக்கிக்குறாங்க, கொஞ்ச நேரத்துல அந்த இடத்துல பாதிப் பேர் உயிரோட இல்ல. அந்தத் தொப்பியும் கோட்டும்தான் எனக்கு இந்த வருஷம் பூரா மனசுல நின்னுச்சு, ஏன்னா நானும் அப்படித்தானே வந்து நிக்குறேன், வேடிக்கை பார்க்க. டால்ஸ்டாய் அந்தச் சண்டைக்கு 16 வருஷம் கழிச்சுப் பிறந்தவர், ஆனா கிரிமியப் போர்ல, செவஸ்தபோல்ல குண்டு விழுற இடத்துல அதிகாரியா இருந்தவர், எழுதிட்டு இருக்கும்போது 1867ல பொரோடினோவுக்கே போய் இடத்தைச் சுத்திப் பார்த்துட்டு வந்தார். சும்மா உட்கார்ந்து கற்பனையில அளந்து விட்டது கிடையாது.

(தமிழ்ல டி.எஸ். சொக்கலிங்கம் மொழிபெயர்ப்பு இருக்கு, போரும் வாழ்வும்னு. பேரே அழகா வெச்சிருக்கார்.)

ஜனவரி முடிஞ்சப்போ என் கணக்குல 1, லீடர்போர்டுல நான் கீழ இருந்து நாலாவது. ஒருத்தர் அதுக்குள்ள 6 முடிச்சிருந்தார். எல்லாம் 120 பக்கப் புத்தகம். ஷீட்டைப் பொறுத்தவரைக்கும் புத்தகம்னா புத்தகம், ஒண்ணுன்னா ஒண்ணு. இங்கதான் இந்த சேலஞ்சோட அடிப்படைக் கோளாறு இருக்கு. எண்ணிக்கை முன்னாடி வந்து உட்கார்ந்ததும் கை தானா மெல்லிசு புத்தகத்தைத் தேடுது, எத்தனை பேர் செத்தாங்கங்கிறதை விட எத்தனை பக்கம் பாக்கிங்கிறதுல கண்ணு போகுது. எனக்கும் போச்சு, அதனாலதான் சொல்றேன்.

அப்புறம் அந்த பேட்ஜ். 4 முடிச்சா சிப்பாய், 8 முடிச்சா கேப்டன், 15 முடிச்சா ஜெனரலாம். துப்பாக்கி, மெடல் படம் போட்டு ஜிகினா மாதிரி ஒரு பிக்சர் வரும், அதை ஸ்டேட்டஸ்ல வெச்சுக்கலாம். யார் யோசிச்சாங்களோ தெரியல. எனக்கு சிப்பாய் பேட்ஜ் வந்த வாரம் நான் படிச்சுட்டு இருந்தது வானகட்டோட ஸ்லாட்டர்ஹவுஸ் ஃபைவ். 1945 பிப்ரவரில நேச நாட்டு விமானங்க ஜெர்மனியோட டிரெஸ்டன் நகரத்தைக் குண்டு போட்டு எரிச்சப்போ, அவர் அங்க போர்க் கைதியா தரைக்கு அடியில இறைச்சி வைக்குற அறைல இருந்து தப்பிச்சவர். அதை எழுத அவருக்கு 20 வருஷத்துக்கு மேல ஆச்சு, 1969லதான் புத்தகம் வந்துச்சு. முதல் அத்தியாயத்துலயே ஒரு விஷயம் சொல்றார்: கூட இருந்த பழைய நண்பனைப் பார்க்கப் போறார், நண்பனோட மனைவி மேரி கடுப்பா இருக்காங்க, பாத்திரத்தை டமால் டமால்னு வெக்குறாங்க, கடைசில வெடிக்குறாங்க. அப்போ நீங்க எல்லாம் வெறும் குழந்தைங்க, ஆனா எழுதும்போது பெரிய ஆம்பளைங்களா எழுதப் போறீங்க, அதை சினிமா ஹீரோவெல்லாம் நடிப்பாங்க, போர்னா சூப்பரா இருக்கும்போலன்னு ஆயிடும்னு கேக்குறாங்க. அவர் அப்படி எழுத மாட்டேன்னு வாக்கு கொடுக்குறார், புத்தகத்தை அவங்களுக்கே சமர்ப்பணமும் பண்றார். இதைப் படிச்சுட்டு நிமிர்ந்தா போன்ல 'வாழ்த்துக்கள் சிப்பாய்!'. நடத்துறவங்களுக்கு எழுதிப் போட்டேன், ஜாலிக்குத்தானே ப்ரோன்னு பதில் வந்துச்சு.

திட்டினது போதும், நல்லதையும் சொல்லணும். அந்த ஜோடி விதி, ஒரே போருக்கு ஒத்துப்போகாத ரெண்டு புத்தகம், அது ஒண்ணுக்காகவே இந்த சேலஞ்சை நூறு பேருக்கு சிபாரிசு பண்ணுவேன். நான் எடுத்தது முதல் உலகப் போர், அதுவும் ஒரே படை, ஜெர்மன் படை. ஒரு பக்கம் ரெமார்க் எழுதின மேற்கு முனை நாவல், ஆல் கொயட்னு ஊரறிஞ்சது. இன்னொரு பக்கம் எர்ன்ஸ்ட் யுங்கர் எழுதின ஸ்டார்ம் ஆஃப் ஸ்டீல். ரெமார்க் முன்னணில இருந்தது சில வாரம்தான், 1917 ஜூலை கடைசில குண்டுச் சில்லு பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர், திரும்ப முன்னணிக்கு வரல. யுங்கர் 14 தடவை காயம் பட்டவர், 23 வயசுல பிரஷ்யாவோட பெரிய வீர விருது வாங்கினவர், அப்புறம் 102 வயசு வரைக்கும் இருந்துட்டு 1998ல போய்ச் சேர்ந்தார். அதே பதுங்கு குழி, அதே சேறு, அதே எலி, அதே வாயுக் குண்டு. ஒருத்தர் படிச்சா வயித்தைப் பிசையுது. இன்னொருத்தர் ஒவ்வொரு குண்டும் எந்த சைஸ், எந்தச் சத்தம்னு பூச்சி சேகரிக்குறவன் மாதிரி குறிச்சு வெக்குறார் (அவருக்கு நிஜமாவே வண்டு சேகரிக்குற பழக்கம் உண்டு), சில இடத்துல அந்த வெறியை ரசிக்கவே செய்யுறார். யாரை நம்புறது? அதிக நாள் இருந்தவரையா? அப்படின்னா யுங்கரைத்தான் நம்பணும், ஆனா 1933ல நாஜிங்க தெருவுல போட்டு எரிச்சது ரெமார்க் புத்தகத்தைத்தான், அப்போ அதுலதான் அவங்களுக்கு உறுத்துற ஏதோ இருந்திருக்கு. தனியா ஒண்ணை மட்டும் படிச்சிருந்தா 'ஆஹா, போர்னா இதுதான்'னு மூடி வெச்சிருப்பேன். இப்போ ரெண்டும் மண்டைக்குள்ள சண்டை போட்டுக்கிட்டே இருக்கு, இன்னும் முடியல.

இந்த சேலஞ்ச்ல எனக்குக் கிடைச்ச இன்னொரு நல்லது, ஜோடியா வந்த அக்கா. 60 வயசுக்கு மேல, ரிட்டையர்ட் நர்ஸ். 4 லெவல்ல சேர்ந்திருந்தாங்க. என்னோட முதல் வாய்ஸ் மெசேஜ்ல நான் படிக்கப் போற 15 புத்தகத்தோட லிஸ்டை ஒப்பிச்சேன், அவங்க பதிலுக்கு "தம்பி, நீங்க ஓடுங்க, நான் பின்னாடி நடந்து வர்றேன்"னாங்க, அவ்வளவுதான். ரெண்டு பேரும் சேர்ந்து படிச்சது ஜான் ஹெர்சியோட ஹிரோஷிமா. சின்னப் புத்தகம், 1946 ஆகஸ்ட் 31 தேதியிட்ட நியூயார்க்கர் இதழ் முழுசையும் இந்த ஒரு கட்டுரைக்கே கொடுத்தாங்க. தப்பிச்ச ஆறு பேரோட கதை. ரெண்டு டாக்டர், ஒரு ஜெர்மன் பாதிரியார், ஒரு ஜப்பானியப் போதகர், ஒரு தையல்காரரோட விதவை, ஒரு ஆபீஸ் கிளார்க் பொண்ணு. குண்டைப் பத்தி, அரசியலைப் பத்தி கத்தவே மாட்டார், அந்தக் காலை 8:15க்கு ஒவ்வொருத்தரும் என்ன பண்ணிட்டு இருந்தாங்கன்னு சொல்லிக்கிட்டே போவார். அந்த கிளார்க் பொண்ணு பக்கத்து சீட்டுப் பொண்ணுகிட்ட பேசத் தலையைத் திருப்புறா, அவ்வளவுதான், பின்னாடி இருந்த புத்தக அலமாரி அவ மேல சாயுது, கால் அடில மாட்டிக்குது. அணுகுண்டு யுகத்தோட முதல் நொடில ஒரு மனுஷி புத்தகத்துக்கு அடில நசுங்குறா. நான் ஒரே ராத்திரில முடிச்சுட்டு ஷீட்ல போட்டுட்டேன், எண்ணிக்கை 7, ஹாப்பி. அக்காவுக்கு அஞ்சு வாரம் ஆச்சு.

அவங்க அனுப்பின வாய்ஸ் மெசேஜ் ஒண்ணு இன்னும் போன்ல இருக்கு. செஞ்சிலுவை ஆஸ்பத்திரில காயம் படாம தப்பிச்ச ஒரே டாக்டர் வருவார்ல, சசாகின்னு, அவர் மூணு நாளைக்கு கிட்டத்தட்ட தூக்கமே இல்லாம கட்டுக் கட்டிக்கிட்டே இருப்பார், சொந்தக் கண்ணாடி உடைஞ்சு போய் அங்க காயம்பட்ட ஒரு நர்ஸோட கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கிட்டு வேலை பார்ப்பார். "அந்தக் கண்ணாடி பவர் சரியா சேர்ந்திருக்காது தம்பி, மங்கலாத்தான் தெரிஞ்சிருக்கும், மங்கலா தெரிஞ்சதுதான் அவரைக் காப்பாத்துச்சோ என்னவோ"ன்னாங்க. நான் அந்தக் கண்ணாடியைப் படிச்ச ஞாபகமே இல்ல. திரும்பப் போய் தேடிப் பார்த்தேன், இருக்கு. நான் தாண்டிப் போயிருக்கேன்.

அன்னிக்குத்தான் லெவலை 15ல இருந்து 8க்கு இறக்கினேன். இறக்குறதுக்கு பட்டன் கிடையாது, மெயில் போட்டு கெஞ்சணும், அதுவும் ஒரு குறை.

பெண்கள் எழுதின புத்தகம்ங்கிற விதிக்கு பெலாரஸ் எழுத்தாளர் ஸ்வெட்லானா அலெக்ஸியேவிச்சோட 'தி அன்உமன்லி ஃபேஸ் ஆஃப் வார்' எடுத்தேன், ரெண்டாம் உலகப் போர்ல சோவியத் படைல இருந்த பெண்களோட வாய்மொழி, 1985ல வந்தது. துப்பாக்கி சுட்டவங்க, டாக்டருங்க, டாங்க் ஓட்டினவங்க, துணி துவைச்சவங்கன்னு நூத்துக்கணக்கான பேர்கிட்ட போய் உட்கார்ந்து கேட்டு எழுதினது. அவங்க சொல்றதுல தளபதி பேரே அதிகம் வராது, ஜடையை வெட்டினது வரும், ரெண்டு சைஸ் பெரிய பூட்ஸ் வரும், ஆம்பளைங்க உள்ளாடையைப் போட்டுக்கிட்டு வருஷக்கணக்கா திரிஞ்சது வரும். சென்சார்ல வெட்டினதையும் தானே பயந்து எடுத்ததையும் பின்னாடி பதிப்புல சேர்த்திருக்காங்க, அந்தப் பக்கங்களை மட்டும் தனியா படிச்சாலே போதும். இவங்களுக்குத்தான் 2015ல நோபல் கொடுத்தாங்க. இந்த விதி இல்லன்னா நான் எடுத்திருக்க மாட்டேன், உண்மையைச் சொல்லணும்ல.

தமிழ்ப் பக்கம் வரும்போதுதான் ஒரு சண்டை ஆச்சு. ஜூலைல நான் புறநானூற்றுப் போர்ப் பாட்டுகளை எடுத்து வெச்சுப் படிச்சேன், ஷீட்ல போட்டேன், ரிஜெக்ட். காரணம், 'கவிதைத் தொகுப்பு போர் புத்தகமாகக் கருதப்படாது'. 400 பாட்டுல முக்கால்வாசி ராஜா, சண்டை, பிணம், பரிசில், கையறுநிலைன்னு போற நூலு போர் புத்தகம் இல்லையாம். குரூப் கால்ல கோவூர் கிழாரோட பாட்டைச் சொன்னேன். நெடுங்கிள்ளி கோட்டைக்குள்ள அடைஞ்சு கிடக்கான், நலங்கிள்ளி வெளிய முற்றுகை போட்டிருக்கான், ரெண்டு பேரும் சோழன். புலவர் நடுவுல போய் நின்னு, எதிர்ல நிக்குறவன் பனம்பூ சூடின சேரனும் இல்ல, வேம்பு சூடின பாண்டியனும் இல்ல, உன் மாலையும் ஆத்தி அவன் மாலையும் ஆத்தி, யார் தோத்தாலும் தோக்குறது உங்க குடிதான், ரெண்டு பேரும் ஜெயிக்குறதுங்கிறது நடக்காத காரியம், இதைப் பார்த்து உங்களை மாதிரி மத்த ராஜாக்கள்தான் சிரிப்பாங்கங்கிறார். ரெண்டு நாட்டுக்காரங்க மாறி மாறி எழுதின தடிப் புத்தகத்துல தேடுற விஷயம் ஒரு பக்கத்துக்குள்ள இருக்கு. கால்ல கொஞ்ச நேரம் அமைதி, அப்புறம் அரைப் புத்தகமா எடுத்துக்குறோம்னாங்க. அரை! இருந்தாலும் விதியை மாத்துறதுக்கு மனசு வந்துச்சே, அதுக்கு ஒரு கும்பிடு.

தோத்த பக்கம்ங்கிற விதிக்கு நான் கொஞ்சம் வளைச்சு, ஜெயிச்சவன் தோத்தவன் ரெண்டு கணக்குலயும் வராத ஆட்களைத் தேடினேன். ப. சிங்காரத்தோட புயலிலே ஒரு தோணி (1972), ஜப்பான்காரன் மெடான்ல நுழையுறதுல ஆரம்பிச்சு இந்தோனேசியா, மலேயான்னு சுத்துற நாவல். அதுல வர்ற தமிழன் யாரோ ரெண்டு சாம்ராஜ்யம் போடுற சண்டைக்கு நடுவுல பாஷை பாஷையா பேசிக்கிட்டு பொழைக்குறான். கூடவே சயாம் மரண ரயில் பத்தி ஆர். சண்முகம் எழுதின நாவல். ஜப்பான்காரன் தாய்லாந்துல இருந்து பர்மாவுக்குப் போட்ட 415 கிலோமீட்டர் தண்டவாளம், 1942ல ஆரம்பிச்சு 1943 அக்டோபர்ல இணைச்சுட்டாங்க. அதுல செத்த வெள்ளைக்காரக் கைதிகள் 12,000 பேருக்கு மேல, அவங்களைப் பத்தி புத்தகம், படம், கல்லறைத் தோட்டம் எல்லாம் இருக்கு. மலேயாத் தோட்டங்கள்ல இருந்து கொண்டு போன தமிழர்கள், பர்மாக்காரங்க, ஜாவாக்காரங்கன்னு ஆசியத் தொழிலாளர்கள் செத்தது அதைவிடப் பல மடங்கு. அவங்களுக்கு ஒழுங்கான பேர்ப் பட்டியல்கூட இல்ல. சேலஞ்ச் கொடுத்த சிபாரிசு லிஸ்ட்ல இந்த ரெண்டு புத்தகமும் கிடையாது, ஐரோப்பா ஐரோப்பான்னு அம்பது பேர் இருந்துச்சு.

இப்ப சொல்றதுதான் எனக்கு நிஜமாவே கோவம் வந்த விஷயம். மார்ச் வரைக்கும் குரூப்ல ஒரு அம்மா இருந்தாங்க, அதிகம் பேச மாட்டாங்க. ஒரு குரூப் கால்ல ஒரு பையன் முற்றுகை பத்தின புத்தகத்தை 'செம த்ரில்லிங்'னு சொன்னான், பாவம் அவனும் தெரியாம சொன்னதுதான். அந்தம்மா மெதுவா, நாங்க பங்கர்ல இருந்தப்போ என் சின்னவ மணி என்ன மணி என்னன்னு கேட்டுக்கிட்டே இருப்பா, அவளுக்கு மணி பார்க்கத் தெரியாதுன்னு சொல்லிட்டு மைக்கை ஆஃப் பண்ணிட்டாங்க. அதுக்கப்புறம் வரல. எந்தப் போர், எந்த வருஷம்னு யாரும் கேக்கல, கேக்கவும் கூடாது. ஆனா அவங்க பேர் ஷீட்ல இருந்ததால சிஸ்டம் எல்லார் பார்வைக்கும் தெரியுற மாதிரி மாசா மாசம் அவங்களுக்கு ரிமைண்டர் போட்டுக்கிட்டே இருந்துச்சு: 'நீங்கள் 2 புத்தகம் பின்தங்கியிருக்கிறீர்கள்', அப்புறம் 3, அப்புறம் 4. ஜூன்ல அக்காதான் ஆள் பிடிச்சு அந்தப் பேரை எடுக்க வெச்சாங்க. இந்த மாதிரி ஒரு தலைப்புல சேலஞ்ச் நடத்துறவங்க, உள்ள வர்றவங்க எல்லாம் வேடிக்கை பார்க்க வந்தவங்கன்னு நினைச்சுக்கிட்டா எப்படி? சேரும்போது ஒரு வரி, வேணும்னா சத்தமில்லாம வெளிய போகலாம்னு ஒரு வழி, அவ்வளவு போதும்.

மத்தபடி குரூப் கால் ஒண்ணரை மணி நேரம் இழுக்கும், டாங்க் மாடல் நம்பர் தெரிஞ்ச ரெண்டு பேர் அதுல ஒரு மணி நேரத்தை எடுத்துக்குவாங்க. மியூட் பண்ணிட்டு படிங்க.

சேரலாமான்னு கேட்டா, சேருங்க, 4 லெவல்ல. ஒரு தடி, ஒரு மெல்லிசு, ஒரு ஜோடி, கணக்கு சரியாப் போச்சு. ரெண்டு கனமான புத்தகத்துக்கு நடுவுல ஒரு மாசம் வேற ஏதாவது படிங்க, நான் மே மாசம் தொடர்ந்து மூணு முகாம் புத்தகம் படிச்சுட்டு தூக்கம் கெட்டு அலைஞ்சேன். பக்கத்துல ஒரு மேப் வெச்சுக்கோங்க, பாதிக் குழப்பம் அங்கயே தீர்ந்துடும். ஜோடி போடும்போது உங்களை விட மெதுவா படிக்குற ஆளைக் கேட்டு வாங்கிக்கோங்க.

நான் 8 லெவலைத் தாண்டி, கூட ஒரு அரையோட முடிச்சேன். கேப்டன் பேட்ஜ் வந்துச்சு, டெலீட் பண்ணிட்டேன். இந்த வருஷமும் பேர் கொடுத்திருக்கேன், 4 லெவல்தான், அக்காதான் ஜோடி, முதல் புத்தகம் மறுபடியும் ஹிரோஷிமா, ஹெர்சி 40 வருஷம் கழிச்சு அந்த ஆறு பேருக்கும் அப்புறம் என்ன ஆச்சுன்னு தேடிப் போய் எழுதி 1985ல சேர்த்த கடைசி அத்தியாயத்துல இருந்து ஆரம்பிக்கலாம்னு அக்கா சொல்லியிருக்காங்க. ஷீட்டை ஓபன் பண்ணிப் பார்த்தேன். ஸ்டார் கட்டம் அப்படியேதான் இருக்கு, இப்ப அரை ஸ்டாரும் போடலாமாம்.